ஜீலாலி என்று கூப்பிட்டால் திரும்புகிறவன்

என் நாத்தனார் யம்னாவுக்குப் புருஷன் மேல் முதன்முதலாகச் சந்தேகம் வந்தது ஒரு கால்சட்டையால். பெருநாளுக்கு ஊருக்கு வந்திருந்த ஹம்மு துவைக்கப் போட்ட கால்சட்டை அது. கறுப்புத் துணி. முழங்காலில் கிழிந்த இடத்தைப் பச்சை நூலால் தைத்திருந்தது. கோணல்மாணலான தையல், ஒவ்வொன்றும் விரல் நகம் நீளம். யம்னா அதைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"அண்ணி, இது ஆம்பளை தச்சதா, பொம்பளை தச்சதா? பாத்துச் சொல்லு."

"இப்படித் தைக்கிறவ பொம்பளையா இருந்தா, அவளால உனக்கு ஒரு ஆபத்தும் இல்ல."

அவள் சிரிக்கவில்லை. "ஹம்முவுக்கு ஊசியில நூல் கோக்கவே வராது. எவளோ தச்சிருக்கா. அவசரத்துல தச்சிருக்கா."

ஹம்மு கடற்கரை ஊரான எஸ்ஸவீராவில் மத்தி பிடிக்கும் படகில் வேலை பார்த்துவந்தான். எங்கள் மலையூர் இமின்தானூத்தில் பாதி ஆண்கள் இப்படித்தான், மழை பொய்த்தால் கடற்கரைக்கோ மர்ராகேஷ் நகரத்துக்கோ இறங்கிவிடுவார்கள். பெருநாளுக்கு வருவார்கள், பெண்டாட்டியின் சமையலைப் புகழ்வார்கள், போய்விடுவார்கள். ஹம்முவும் அப்படித்தான். ஆனால் கடைசி இரண்டு வருஷமாக அவன் பேச்சில் ஏதோ மாறியிருந்தது என்பாள் யம்னா. போன் செய்தால் பாதியில், "கடலுக்குள்ள போறோம், சிக்னல் இருக்காது" என்று வைத்துவிடுவான். நானும் ஒரு தடவை வந்து கடலைப் பார்க்கிறேன் என்று கேட்டால் அறையில் ஆறு பேர் படுக்கிறோம் என்பான். இல்லாவிட்டால் காற்று சரியில்லை என்பான்.

வசந்தத்தில், பாதாம் பூ உதிர்ந்து காய் பிடிக்கிற சமயம், ஒருநாள் அவள் அவனோடு பேசிக்கொண்டிருந்தபோது பின்னால் ஒரு பெண் குரல் கேட்டது. "உப்புப் போட்டியா இல்லையா?" என்று அதட்டுகிற குரல். உடனே லைன் போய்விட்டது. திருப்பிக் கூப்பிட்டதற்கு, படகில் ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது என்றான்.

"ரேடியோ உப்புக் கேக்குமா அண்ணி?" என்று மட்டும் சொன்னாள். மறுநாள் ஆடுகளை என்னிடம் விட்டுவிட்டு, ஒரு ஜாடி அம்லு எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள். பாதாமும் தேனும் அரைத்து ஆர்கான் எண்ணெய் ஊற்றிக் குழைத்த அம்லு என்றால் ஹம்முவுக்கு உயிர். யாராவது கேட்டால் அதைக் கொடுக்க வந்தேன் என்று சொல்லலாம் அல்லவா.

இனி சொல்வதெல்லாம் அவள் திரும்பி வந்து பல தடவையாக எனக்குச் சொன்னது.

பஸ்ஸை விட்டு இறங்கியதும் காற்று அவள் தலைத்துணியைப் பறித்துவிட்டதாம். அந்த ஊரில் வசந்தம் என்றால் காற்றுதான். மணலை வாரி வீசுகிற காற்று. துறைமுகத்துக்குப் போனாள். நீலப் படகுகள் எல்லாம் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு கட்டிக் கிடந்தன. கடலில் ஒரு படகுகூட இல்லை. வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு நரைத்தாடிக்காரரிடம், படகுகள் எப்போது திரும்பின என்று கேட்டாள்.

"திரும்புறதா? வெள்ளிக்கிழமையில இருந்து எவனும் போகவே இல்லம்மா. இந்தக் காத்துல யாரு போவா?"

முந்தின நாள்தான் ஹம்மு படகில் கடலுக்குள் இருப்பதாகச் சொல்லியிருந்தான்.

"இமின்தானூத் ஹம்மு எங்க இருப்பார்?"

நரைத்தாடிக்காரர் பக்கத்திலிருந்தவனைப் பார்த்தார். அவன் வலையைப் பார்த்தான்.

"நீங்க அவருக்கு யாரு?"

"ஊர்க்காரி. ஒரு சாமான் கொடுத்தனுப்பினாங்க."

"அவர் கடலுக்குப் போறதை விட்டு ரொம்ப நாளாச்சே. படகு கட்டுற இடத்துல தச்சு வேலை செய்றார். சாமானை இங்க வச்சிட்டுப் போங்க, நான் சேத்துடுறேன்."

"வீடு எங்க?"

"வீடெல்லாம் எனக்குத் தெரியாதும்மா."

அவள் திரும்பி நடந்தபோது பின்னால் மற்றவன் மெதுவாகச் சொன்னது காற்றோடு வந்தது. "ஜீலாலி வீட்டைத்தான் கேக்குது போல."

யார் இந்த ஜீலாலி? ஹம்முவைக் கேட்டால் எதற்கு ஜீலாலி வருகிறான்? ஊரே சேர்ந்து ஒன்றை மறைக்கிறது என்று யம்னா முடிவு செய்துவிட்டாள். தலைத்துணியை மூக்குவரை இழுத்துக் கட்டிக்கொண்டு படகு கட்டும் இடத்துக்கு எதிரே, கவிழ்த்துப்போட்ட ஒரு படகின் மறைவில் உட்கார்ந்தாள். கடற்காகங்கள் மீன் குடலுக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தன. சாயங்கால அஸர் தொழுகைக்கு அழைப்பு வந்ததும் வேலையாட்கள் வெளியே வந்தார்கள். அவர்களில் ஹம்முவும் இருந்தான். கொஞ்சம் மெலிந்திருந்தான்.

கூப்பிடத்தான் வாய் வந்தது. கூப்பிடவில்லை.

அவன் மீன் வாங்கினான். ஒரு கட்டுப் புதினா வாங்கினான். பிறகு ஒரு கடையில் நின்று ஒரு பொட்டலம் மருதாணி வாங்கினான். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவளுக்கு அவன் மருதாணி வாங்கி வந்ததே இல்லை.

பழைய ஊருக்குள் சந்துகள் வளைந்து வளைந்து போயின. பத்தடி விட்டுப் பின்னாலேயே போனாள். ஒரு முனையில் ரொட்டிக்காரன், "ஜீலாலி, உன் ரொட்டியை எடுத்து வச்சிருக்கேன்" என்று குரல் கொடுத்தான். திரும்பியது ஹம்மு. சிரித்து, ரொட்டியை வாங்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போனான், பிறந்ததிலிருந்தே அதுதான் தன் பெயர் என்பதுபோல.

கோட்டைச் சுவரை ஒட்டின சந்தில் நீலக் கதவு போட்ட ஒரு வீடு. தட்டினான். உள்ளேயிருந்து ஒரு பெண் குரல் ஏதோ கேட்டது. காற்றில் சரியாகக் கேட்கவில்லை. "நான்தான், நான்தான்" என்று சொல்லிக்கொண்டே உள்ளே போனான். அந்தக் குழைவான குரலை யம்னா எனக்குப் பேசியே காட்டினாள். கதவு சாத்திக்கொண்டது.

எதிர்வீட்டுப் படியில் ஒரு பெண் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். யம்னாவை மேலும் கீழும் பார்த்தாள்.

"யாரைத் தேடுறீங்க?"

"வாடகைக்கு இடம் பாக்கிறேன். அந்த வீடு யாரோடது?"

"ஜீலாலி வீடு. அவனும் லல்லா தாமுவும் இருக்காங்க. வாடகைக்கு விட மாட்டாங்க."

"கல்யாணமாகி ரொம்ப நாளாச்சோ?"

"யாருக்கு?"

"அவங்க ரெண்டு பேருக்கும்."

அந்தப் பெண் உரிப்பதை நிறுத்தினாள். முகத்தில் சிரிப்பு வந்து, உடனே மறைந்துவிட்டது. "நீங்க வாடகைக்கு வந்த ஆள் மாதிரி தெரியலையே. வீடு விலைக்குக் கேக்க அனுப்பிச்சாங்களா? அந்த பிரெஞ்சுக்காரன் அனுப்பிச்சானா? போய்ச் சொல்லுங்க, அவங்க உயிரோட இருக்கிறவரைக்கும் ஜீலாலி விக்க மாட்டான்." பட்டாணியை மடியோடு அள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

யம்னா போய்க் கதவைத் தட்டினாள். மெதுவாகத் தட்டவில்லை.

ஹம்மு திறந்தான். கையில் மீன் செதில் ஒட்டியிருந்தது.

"யாரு ஜீலாலி, வாசல்ல?" என்றது உள்ளே அந்தக் குரல்.

யம்னா அவனைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். முற்றத்தில் வெயில் விழுகிற மூலையில் ஆட்டுத்தோல் விரித்து ஒரு கிழவி உட்கார்ந்திருந்தாள். எண்பதுக்குக் குறையாது. இரண்டு கண்களிலும் பால் படர்ந்திருந்தது. பக்கத்தில் ஒரு கிண்ணமும் அந்த மருதாணிப் பொட்டலமும் இருந்தன.

"யாருன்னு கேட்டேனே. கையைக் கொடு பாப்போம்."

யம்னா என்ன செய்வதென்று தெரியாமல் கையை நீட்டினாள். கிழவி உள்ளங்கையைத் தடவினாள், காய்த்துப்போன இடங்களை விரலால் அழுத்தினாள், வளையலைத் தொட்டாள்.

"கழுதை ஓட்டின கை. மலைக்காரி. ஜீலாலி, இவ உன் பெண்டாட்டியா?"

ஹம்மு சுவரில் சாய்ந்து நின்று யம்னாவையே பார்த்தான். ஒன்றும் சொல்லாதே என்றானா, ஏதாவது சொல் என்றானா, அவளுக்குத் தெரியவில்லை.

"ஆமா," என்றாள் யம்னா. "இவன் பெண்டாட்டிதான்."

அது பொய்யில்லையே.

கிழவி கையை விடாமல் ஆரம்பித்தாள். "இத்தனை நாள் எங்க கிடந்த? புருஷனை இப்படியா அம்போன்னு விடுவாங்க? கால்சட்டை கிழிஞ்சு வந்து நிக்கிறான். கண்ணு தெரியாம நான் தைக்க வேண்டியிருக்கு. என்ன நூல்னுகூட எனக்குத் தெரியாது, அவனும் சொல்ல மாட்டான். சமைக்கத் தெரியுமா உனக்கு? இவனுக்கு உப்பு எவ்வளவு போடணும்னே தெரியாது."

திட்டு வாங்கிக்கொண்டே யம்னா மீனைச் சுத்தம் செய்தாள். வேறென்ன செய்வது.

கிழவி கண்ணயர்ந்ததும் மொட்டைமாடிக்குப் போனார்கள். அங்கே காற்று இன்னும் பலமாக அடித்தது. துணி காயப்போடுகிற கயிற்றுக்குக் கீழே, சுவர் ஓரமாக உட்கார்ந்தார்கள்.

"சொல்லு," என்றாள் யம்னா.

அவன் சொன்னான். ஜீலாலி அவனோடு ஒரே படகில் வேலை செய்தவன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் மாரிக்காலத்தில் வலை இழுக்கும்போது அலை ஒன்று அவனை வாரிக்கொண்டு போய்விட்டது. உடல் கிடைக்கவில்லை. தாய்க்குச் சொல்ல வேண்டும், யாராவது போக வேண்டும் என்றபோது ஹம்மு போனான். அவனும் ஜீலாலியும் ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள்.

"கதவைத் தட்டினேன். 'வந்துட்டியா ஜீலாலி, செருப்பைக் கழட்டிட்டு வா, தரையை இப்பத்தான் துடைச்சேன்'னாங்க. நான் கழட்டிட்டு உள்ள போனேன். சோறு வச்சாங்க. சாப்பிட்டேன். நாளைக்குச் சொல்லலாம்னு வந்துட்டேன். அடுத்த நாளும் போனேன்."

"அப்புறம்?"

"அப்புறம் சொல்லவே முடியல. கடலுக்குப் போகவும் முடியல. நான் போனா இவங்க தூங்க மாட்டாங்க. தச்சு வேலைக்கு வந்துட்டேன். சந்துக்காரங்க முதல்ல இவங்க காதுல விழணும்னு ஜீலாலின்னு கூப்பிட்டாங்க. இப்ப பழக்கமாயிடுச்சு."

"இதை எங்கிட்ட சொல்றதுக்கு என்ன?"

"என்னன்னு சொல்லுவேன்? வேற ஒருத்திக்குப் பிள்ளையா இருக்கேன்னா?"

யம்னாவுக்கு அழுகை வரவில்லை. வர வேண்டிய இடம்தான், ஆனால் வரவில்லை என்றாள் என்னிடம். எதிர்வீட்டுப் பெண் வீட்டு விலையைப் பற்றிச் சொன்னது இன்னும் உள்ளே குத்திக்கொண்டிருந்தது. மாடியிலிருந்து பார்த்தால் கோட்டைச் சுவரும் அதற்கப்பால் கடலும் தெரிந்தன. பக்கத்து வீடுகள் எல்லாம் புது வெள்ளை அடித்து வெளிநாட்டுக்காரர்கள் தங்குகிற விடுதிகளாகியிருந்தன. இந்த ஒரு வீடுதான் பழசாக நின்றது.

"இந்தக் கிழவிக்கு வேற யாரும் இல்லையா?"

"ஒரு மகள். ரஹ்மா. அகாதீர்ல இருக்கா. ஜீலாலிக்கு அக்கா. அவ கட்டிக்கிட்டவரை ஜீலாலிக்குப் பிடிக்கல, வீட்டுக்குள்ள விடல. அதுல இருந்து அவ இந்தப் பக்கம் வர்றதில்ல."

"அவளுக்காவது தம்பி செத்தது தெரியுமா?"

ஹம்மு இல்லை என்று தலையாட்டினான்.

"நம்பர் இருக்கா?"

"ஜீலாலி ஒருதரம் என் போன்ல இருந்து கூப்பிட்டான். இருக்கு."

"ரெண்டு வருஷமா நம்பர் இருக்கு. கூப்பிடல. வீடு விலைக்குக் கேட்டு பிரெஞ்சுக்காரன் வந்திருக்கான். நீ ஜீலாலின்னு பேர் வச்சிக்கிட்டு உக்காந்திருக்க. நான் என்ன நெனைக்கணும் ஹம்மு, நீயே சொல்லு."

"பேரை நான் வச்சிக்கல."

"கூப்பிட்டா திரும்புறியே."

அவன் தலையைக் குனிந்துகொண்டு சொன்னான்.

"முதல்ல வீட்டு நெனைப்பே இல்ல. போன மாரிக்காலத்துல அந்த ஆள் வந்து கதவைத் தட்டினான். வீட்டுக்காரர் நீங்கதானேன்னு கேட்டான். நான் இல்லைன்னு சொல்லல. ஏன் சொல்லலன்னு அன்னிக்கே யோசிச்சேன். அதுக்கப்புறம் படுத்தா அதே நெனைப்பு. இவங்க கண்ணை மூடிட்டா சந்துக்கே நான்தானே ஜீலாலி, யாரு கேக்கப் போறான்னு. இமின்தானூத்ல கிணறு வெட்டலாம், உனக்கு நல்லதா வீடு கட்டலாம்னு கணக்குப் போட்டேன்."

"நெனைச்சியா, செஞ்சியா?"

"நெனைச்சேன். அடுத்த தரம் அந்த ஆள் வந்தப்ப விக்கிறதுக்கில்லைன்னு கதவைச் சாத்திட்டேன். ஆனா நெனைச்சது நெனைச்சதுதானே. அதனாலதான் ரஹ்மாவைக் கூப்பிட வாய் வரல. இத்தனை நாள் என்ன பண்ணின்னு அவ கேட்டா இதைத்தான் சொல்லணும்."

யம்னா இதைச் சொல்லும்போது என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அவன் நல்லதைச் சொன்னப்பல்லாம் நான் நம்பல அண்ணி. இந்தக் கெட்டதைச் சொன்னான் பாரு, அப்பத்தான் மத்ததும் நிஜம்னு பட்டுச்சு."

அவன் போனை அவளே வாங்கி ரஹ்மாவைக் கூப்பிட்டாள். செய்தியைக் கேட்டதும் அந்தப் பக்கமிருந்து வந்த முதல் வார்த்தை, "நீங்க யாரு, உங்களுக்கு என்ன வேணும்?" என்பதுதான்.

மறுநாள் ரஹ்மா வந்து இறங்கினாள். வாட்டசாட்டமான பெண். ஹம்முவைப் பார்த்த பார்வையில் அவன் சட்டையைக் கழற்றிச் சோதிப்பதுபோல் இருந்தது. தாயின் கையில் முத்தமிட்டுவிட்டு நேரே அலமாரியைத் திறந்தாள். பெட்டியைத் திறந்தாள். மாடிக்குப் போய்வந்தாள். பிறகு முற்றத்தைத் தாண்டி வாசலுக்கு இருவரையும் கூட்டிக்கொண்டு போனாள்.

"என் தம்பி போய்ச் சேந்ததை அவன் அக்காகிட்ட மறைச்சிட்டு, அவன் படுக்கையில படுத்து, அவன் அம்மாவை அம்மான்னு கூப்பிட்டுட்டு இருக்கீங்க. இதுக்கு என்ன பேருன்னு எனக்குத் தெரியும். சாவியைக் கொடுங்க."

ஹம்மு சாவியைக் கொடுத்தான். யம்னாதான் வாயைத் திறக்கப் போனாள்; அவன் தடுத்துவிட்டான். "அவங்க சந்தேகப்படுறது சரிதான். நீயும் அப்படித்தானே வந்த." அன்றைக்குத் துறைமுகத்துப் பக்கம் நரைத்தாடிக்காரர் வீட்டில் ஓர் அறையில் தங்கிக்கொண்டார்கள்.

நீலக் கதவுக்குள் நடந்ததை ரஹ்மாவே பின்னால் யம்னாவிடம் சொன்னாள். வேலை முடிகிற நேரம் வந்ததும் கிழவி லல்லா தாமு வாசல் பக்கம் காதைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தாளாம். ரஹ்மா சூப் கொண்டுவந்து வைத்தாள். தொடவில்லை. அவன் வரட்டும் என்றாள். வருவான் நீங்க சாப்பிடுங்க என்றாள் ரஹ்மா. கிழவி திரும்பி அவள் முகம் இருக்கும் திசையைப் பார்த்து, "மறுபடியும் அவனோட சண்டை போட்டியா? நீ போனப்புறம் ஒரு மாசம் அவன் சரியா சாப்பிடல. உனக்குத் தெரியாது. இப்ப அவன் போயிட்டானா?" என்றாள். சூப்பைக் கையால் தள்ளிவிட்டாள். காலையிலும் சாப்பிடவில்லை.

படகு கட்டும் இடத்தில் அன்று ஒரு பெரிய படகுக்கு விலாக்கட்டைகள் பொருத்திக்கொண்டிருந்தார்கள். யம்னா சாப்பாடு கொண்டுபோயிருந்தாள். ரஹ்மா காற்றில் ஜிலாபா அங்கியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தாள். வேலையாட்கள் எல்லாரும் நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அவர்களில் பாதிப்பேர் ஜீலாலியோடு கடலுக்குப் போனவர்கள்.

அவள் ஹம்முவுக்கு முன்னால் வந்து நின்றாள். கண் சிவந்திருந்தது.

"ஜீலாலி," என்றாள். "அம்மா சாப்பிட மாட்டேங்குறாங்க. வீட்டுக்கு வா."

ஹம்மு சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு அவள் பின்னால் போனான். அன்று சாயங்காலம் அவன் அவளுக்கு எல்லாவற்றையும் சொன்னான், பிரெஞ்சுக்காரனுக்கு வீட்டை விற்க நினைத்த நினைப்பு உட்பட. ரஹ்மா கேட்டுவிட்டு, "நல்ல வேளை, நீயே சொல்லிட்ட" என்றாளாம். அவ்வளவுதான். ஆனால் வீட்டுப் பத்திரத்தைப் பையில் போட்டு அகாதீருக்கு எடுத்துக்கொண்டுதான் போனாள். அதை யம்னா தப்பென்று சொல்ல மாட்டாள். நானும் சொல்ல மாட்டேன்.

அதற்குப் பிறகு ஒன்றரை வருஷம் லல்லா தாமு இருந்தாள். ரஹ்மா வந்து வந்து போனாள். யம்னாவும் போய்வந்தாள், போகும்போதெல்லாம் உப்புக்கும் தையலுக்கும் திட்டு வாங்கினாள். அவள் இறந்து ஜனாஸா எடுத்த அன்று பெட்டியின் முன்கம்பை யார் பிடிப்பது என்று ஆண்கள் தயங்கியபோது, ரஹ்மா உள்ளேயிருந்து சொல்லி அனுப்பினாள், மகன் பிடிக்கட்டும் என்று.

இப்போது ஹம்மு எங்கள் ஊரிலேயே கதவு ஜன்னல் செய்துகொண்டிருக்கிறான். அந்த வீட்டை ரஹ்மா விற்கவில்லை. வசந்தத்தில் கொஞ்ச நாள் அங்கே போய்த் தங்குகிறாள், யம்னாவையும் கூப்பிடுகிறாள். இந்தத் தடவை கிளம்பும்போது நான் யம்னாவிடம் கேட்டேன், இப்போதாவது உன் புருஷன் மேல் சந்தேகம் தீர்ந்ததா என்று.

"அந்தச் சந்தேகம் தீந்துச்சு அண்ணி," என்றாள். கொஞ்சம் யோசித்தாள். "போன வாரம் ரெண்டு தடவை பக்கத்து ஊருக்குப் போயிட்டு வந்தான். எதுக்குன்னு கேட்டா மரம் வாங்கன்னு சொல்றான். நான் இல்லாதப்ப மரம் வருதான்னு மட்டும் பாத்து வை."